காவிரி வளர்ந்த சுவர்

வேதநாயகம் சாருக்கு ஒரு வழக்கம். எந்தப் பயிற்சிக்குப் போனாலும் கடைசியில் எழுந்து ஒரு கேள்வி கேட்பார். பதில் தெரிந்துகொள்ள இல்லை, கருத்தாளரை மடக்கத்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பி நிற்கும் மற்ற ஆசிரியர்கள், "ஐயோ, எழுந்துட்டாருய்யா மனுஷன்" என்று தலையில் அடித்துக்கொண்டு திரும்ப உட்காருவார்கள்.

அந்த ஐப்பசியில் வட்டார வள மையத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு பயிற்சி போட்டார்கள். மண், பாறை, நிலநடுக்கம், நிலச்சரிவு என்று பூமி சம்பந்தப்பட்ட பாடங்களைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது பற்றி. மலை ஊர் ஆசிரியர்கள் அத்தனை பேரும் வந்தே தீரவேண்டும் என்று உத்தரவு.

கருத்தாளராக வந்தவர் தமயந்தி. ஜியாலஜி படித்தவர். வேதநாயகத்தின் மூத்த மகளைவிடச் சின்ன வயசு. புரொஜெக்டர் இல்லை, சார்ட் இல்லை, தோளில் ஒரு ஜோல்னாப்பை மட்டும். பேச்சும் அளந்துதான்.

"இந்தப் பொண்ணு நமக்கு என்னத்தச் சொல்லித்தரப் போகுது?" என்று வேதநாயகம் சுண்டலைக் கொறித்தபடி பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார்.

தமயந்தி எல்லோரையும் நாற்காலியிலிருந்து இறக்கித் தரையில் உட்காரவைத்தார். உள்ளங்கையைத் தரையில் வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவேண்டாம் என்றார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன தெரியுது?"

"ஜில்லுனு இருக்கு மேடம்."

கூடமே சிரித்தது. தமயந்தி சிரிக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை. அடுத்த அறையில் யாரோ பேசுவது காதில் விழுந்ததுபோலத் தலையைச் சாய்த்து அப்படியே உட்கார்ந்திருந்தார். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கிப்போனார்கள். ஏனென்று தெரியாமல் ஒருவர் தரையிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வழக்கம்போல வேதநாயகம் எழுந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம். மண்ணுக்கு அடியில நடக்கறது கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததைப் பிள்ளைங்களுக்கு எப்படிக் காட்டறது? புத்தகத்துல இருக்குன்னு சொன்னா நம்பணுமா?"

தமயந்தி பதிலுக்குக் கேட்டார்.

"உங்க வகுப்புச் சுவத்துல விரிசல் ஏதாவது இருக்கா சார்?"

"இல்லை."

கேட்ட வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது. அவ்வளவு வேகம் ஆகாது என்று வேதநாயகத்துக்கே தோன்றியது. தமயந்தி பைக்குள் கைவிட்டு, நுண்ணோக்கியில் வைப்பார்களே, அந்த மாதிரி மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"விரிசலுக்குக் குறுக்கால இதை வச்சு, ரெண்டு நுனியிலயும் கொஞ்சம் சிமென்ட் பூசுங்க. சுவர் நகர்ந்தா கண்ணாடி உடையும். பிள்ளைங்க கண்ணால பார்ப்பாங்க."

"விரிசலே இல்லைன்னேனே மேடம்."

"அப்ப உடையாது சார்."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். விரிசல் இருந்தது. சாதாரண விரிசல் இல்லை, காவிரி.

வேதநாயகம் சாரின் பள்ளிக்கூடம் பன்னீர்மட்டத்தில். தேயிலைச் சரிவின் நடுவில் ஓட்டுக்கூரை போட்ட ஒற்றை வகுப்பறை, முன்னால் வராந்தா, பக்கத்தில் சத்துணவுக் கொட்டகை. ஈராசிரியர் பள்ளி என்று பெயர். இரண்டாவது ஆசிரியர் மாறுதல் வாங்கிக்கொண்டு ஓடிப்போன பிறகு இவர்தான் தலைமை ஆசிரியர், இவர்தான் வகுப்பாசிரியர், பெல் அடிப்பவரும் இவர்தான். படிப்பதெல்லாம் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பிள்ளைகள். பெரும்பாலும் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள்.

பிள்ளைகள் குறைந்துகொண்டே போனார்கள். இப்படிக் குறைந்த பள்ளிகளைக் கீழே டவுன் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள் என்று பேச்சு. பக்கத்து மட்டத்தில், அதாவது அடுத்த மலை ஊரில், அப்படித்தான் ஆனது. டவுனுக்குப் போகக் காட்டெருமை திரியும் சோலையைத் தாண்டவேண்டும், பஸ் கிடையாது. பையன்கள் கொஞ்ச நாள் போனார்கள். பெண்பிள்ளைகள் ஒருத்திகூடப் போகவில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றவர்கள், பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து கிள்ளப் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளைகளை வழியில் பார்க்கும்போதெல்லாம் வேதநாயகத்துக்கு வயிறு எரியும்.

அதனால், பின்சுவரில் அந்தக் கோடு முதலில் தெரிந்தபோது அவர் பதறிப்போனார். மேலே எழுதினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? வந்து பார்ப்பார்கள். பழுதடைந்த கட்டடம் என்று ஒரு சீல். இந்த நாலு பிள்ளைக்குப் புதுக் கட்டடமா என்று ஒரு கேள்வி. அத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது.

முதலில் சிமென்ட் பூசிப் பார்த்தார். பூசிய இடத்திலேயே திரும்ப வாய் பிளந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. கடைசியில் பெயின்ட் டப்பாவை எடுத்தார். விரிசல் மேற்கே தொடங்கி வளைந்து வளைந்து கிழக்கே போயிற்று. அதற்கு நீலம் அடித்தார். அதைச் சுற்றித் தமிழ்நாட்டையே வரைந்தார். விரிசலின் நீளத்துக்குத் தக்கபடி மாநிலத்தின் அளவு! மேட்டூரும் திருச்சியும் தஞ்சாவூரும் ஆற்றங்கரையில் உட்கார்ந்தன. பார்வையிட வந்த அதிகாரி அதன் முன்னால் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, "ஆஹா, சுவரையே பாடப்புத்தகமா மாத்திட்டீங்களே சார்" என்று மெச்சிவிட்டுப் போனார்.

பூசி மெழுகுவது என்பார்களே, அதைக் கலையாகவே செய்துவிட்டார் மனுஷன்.

ஆனால் பிள்ளைகள் இருக்கிறார்களே. நாள் பூராவும் அந்தச் சுவரடியிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தானே.

"சார், காவிரி கடலுக்குள்ள போயிருச்சு," என்றாள் ஒருநாள் யோகராணி. ஐந்தாம் வகுப்பு. வாய் அதிகம்.

"ஆறுன்னா கடலுக்குத்தான் போகும். உட்காரு."

"கடலுக்கு இல்ல சார். கடலுக்குள்ள."

அவள் சொன்னது சரிதான். பூம்புகாரைத் தாண்டி ஒரு கோடு நீலத்துக்குள் இறங்கியிருந்தது. வேதநாயகம் அன்றைக்குச் சாயங்காலமே கடலுக்கு இன்னொரு பூச்சுக் கொடுத்தார். அடுத்த வாரம் கோடு தெற்கே திரும்பிக் கடலைக் கடந்து போயிற்று.

"எங்க தாத்தா ஊருக்குப் போகுது சார்," என்று கிருபாகரன் குதித்தான். வகுப்பே கைதட்டியது. வேதநாயகமும் சிரித்துவைத்தார். சிரித்தபடியே கண்ணால் கோட்டின் நீளத்தை அளந்தார்.

கண்ணாடித் தகட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிய வேதநாயகம், திங்கட்கிழமை அதைச் சுவரில் ஒட்டினார். எங்கே? விரிசலுக்கு எதிர்ப்பக்கம், கதவுக்குப் பக்கத்தில், திடமான சுவரில். முடிவை முதலில் எழுதிவிட்டுச் சோதனையைப் பிறகு செய்வது வாத்தியார்களுக்கே உரிய வித்தை. செய்முறைத் தேர்வு நடத்தியவர்களுக்கு இது புரியும்.

அடுத்த சனிக்கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றார்.

"கண்ணாடி உடையலை மேடம்."

"எங்க ஒட்டினீங்க?"

"சுவத்துலதான்."

தமயந்தி கோபப்படவில்லை, கேலியும் செய்யவில்லை. பைக்குள் கைவிட்டு இன்னொரு தகட்டை எடுத்து நீட்டினார்.

"இது எதுக்கு மேடம்?"

"எங்க ஒட்டக்கூடாதுன்னு மனசு சொல்லுதோ, அங்க ஒட்டறதுக்கு."

வேதநாயகத்துக்குச் சுருக்கென்றது. சுற்றிலும் பார்த்தார். நல்லவேளை, யார் காதிலும் விழவில்லை. அன்றைக்கு அவர் கடைசியில் எழுந்து கேள்வி கேட்கவில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று நண்பர்கள் விசாரித்தார்கள்.

மறுபடி திங்கட்கிழமை. பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, வேதநாயகம் ஸ்டூலில் ஏறினார். காவிரிக்குக் குறுக்கே, தஞ்சாவூரின் மேல் கண்ணாடியை வைத்து இரண்டு பக்கமும் சிமென்ட் பூசினார்.

"ஆத்துக்குப் பாலம் கட்டறீங்களா சார்?"

"ஆமா."

"தண்ணி வந்தா தாங்குமா சார்?"

"வாயை மூடிக்கிட்டு வாய்ப்பாடு சொல்லு."

வாயை மூடிக்கொண்டு எப்படி வாய்ப்பாடு சொல்வது என்று யோகராணி கேட்கவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

அந்த வாரம் மழை விடவேயில்லை. கூடவே ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. வகுப்பறைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டு மூட மறுத்தது. மரம் ஊறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மேசைமேல் வைத்த சாக்பீஸ் தானாக உருண்டு, எப்போதும் ஒரே பக்கமாகக் கீழே விழுந்தது. சத்துணவு சமைக்கும் பாக்கியம் வந்து, "அடுப்புல எதை வச்சாலும் ஒரு பக்கமா வழியுதுங்க சார், என்ன இழவோ" என்று புலம்பிவிட்டுப் போனாள். சரிவில் நின்ற சில்வர் ஓக் மரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்ப்பவைபோல நின்றன. முன்பும் அப்படித்தான் நின்றனவா? எவ்வளவு யோசித்தும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

எல்லாவற்றையும்விட மோசம் ஊற்று. கொட்டகைக்குப் பின்னால் ஒரு ஊற்று உண்டு. கோடையில்கூடக் குழாய் மாதிரி கொட்டும். அது வற்றிப்போனது. அடைமழையில், ஊரெல்லாம் தண்ணீராக ஓடும்போது, ஊற்று மட்டும் சொட்டுச் சொட்டாகி நின்றுவிட்டது. அத்தனை தண்ணீரும் எங்கே போகிறது? வேதநாயகம் குடையைப் பிடித்துக்கொண்டு அந்தக் காய்ந்த கல்லுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். காலுக்கு அடியில் ஏதோ நிறைந்துகொண்டிருக்கிறது என்று தோன்றியதும் சட்டென்று வராந்தாவுக்கு ஓடிவந்துவிட்டார்.

வியாழக்கிழமை. பிள்ளைகள் பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். மழைகூடக் கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம்.

டிக்.

நகத்தைச் சுண்டியது போன்ற சத்தம்தான். ஆனாலும் ஒவ்வொரு தலையும் நிமிர்ந்தது. கண்ணாடியின் குறுக்கே முடி மாதிரி ஒரு கீற்று. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பாதி கழன்று தரையில் விழுந்தது.

சுவரடியில் இருந்தவர்கள் முழங்காலை இழுத்துக்கொண்டார்கள். யோகராணிகூட.

"தஞ்சாவூர் உடைஞ்சிருச்சு சார்," என்று கடைசியில் யாரோ ரகசியம்போலச் சொன்னார்கள்.

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேதநாயகம் போன் செய்தார்.

"மேடம், உடைஞ்சிருச்சு."

"நாளைக்கு முதல் பஸ்ஸுல வரேன் சார்."

"பிள்ளைங்களை என்ன பண்றது?"

"அதை நாளைக்குப் பார்க்கலாமா, இல்லை வரவேண்டாம்னு இன்னிக்கே சொல்லணுமா? நீங்களே சொல்லுங்க சார்."

இன்றைக்கே சொல்லிவிடவேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் பள்ளியைத் தானே மூடினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் விரிசலைச் சொல்லவேண்டும். சொன்னால் பள்ளிக்கூடம் இல்லை. யோகராணி அடுத்த வருஷம் கூடையோடு நிற்பாள். மாலை முழுக்க இதையே புரட்டிப் புரட்டி யோசித்துவிட்டு, "நாளைக்கே பார்க்கலாம் மேடம்" என்று திரும்பப் போன் போட்டுச் சொன்னார்.

மறுநாள் தமயந்தி வந்து சேர்ந்தபோது பள்ளி தொடங்கியிருந்தது. மலை முழுக்கப் பனி இறங்கி மூடிக் கிடந்தது. வராந்தாவில் நின்றால் வாசல் தெரியவில்லை. தமயந்தி நேரே உள்ளே வரவில்லை. ஊற்றைப் பார்த்தார், ஓக் மரங்களைப் பார்த்தார், மேட்டுப்பக்கம் ஏறிப் புல்லுக்குள் எதையோ குனிந்து பார்த்தார். பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த மொட்டைப்பாறையை மட்டும் காலால் ஓங்கி மிதித்துவிட்டு வந்தார்.

வேதநாயகம் வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டார். ராத்திரி முழுக்கச் சேர்த்துவைத்ததெல்லாம் கொட்டியது. பக்கத்து மட்டத்துக் கதை, பெண்பிள்ளைகள், கூடை, காட்டெருமை, எல்லாம்.

"அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் தாங்குமா மேடம்? மழை நின்னா நானே பக்குவமா எழுதிப் போட்டு வேற இடம் கேட்டுக்கறேன். அது வரைக்கும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

தமயந்தி தாங்கும் என்றும் சொல்லவில்லை, தாங்காது என்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வகுப்புக்குள் போனார். பிள்ளைகளுக்கு நடுவில் புகுந்து, பின்சுவரை ஒட்டி, காவிரிக்கு நேர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நிரோஷினி அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

"பாடம் நடத்துங்க சார்."

"மேடம், அங்க வேண்டாம். இங்க நாற்காலி இருக்கு, வாங்க."

"இங்கேயே இருக்கேன். நடத்துங்க."

வேதநாயகம் புத்தகத்தைத் திறந்தார். ஏதோ ஒரு பக்கம். வாசிக்க ஆரம்பித்தார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து, சுவரில் மேட்டூர் வரைக்கும் மறைத்துவிட்டது. எங்கிருந்தோ சன்னமாக மண் உதிரும் சத்தம். எலி என்று நினைக்க ஆசையாக இருந்தது.

"யோகராணி," என்றார் தமயந்தி மெல்ல.

"மேடம்."

"சார் எப்பவும் அங்கதான் நின்னு நடத்துவாரா?"

வேதநாயகம் வாசிப்பதை நிறுத்தினார். எங்கே நிற்கிறோம்? குனிந்து பார்த்தார். ஒரு கால் வகுப்புக்குள் இருந்தது. மற்றது நிலைப்படிக்கு வெளியே, வராந்தாவில்.

"முன்னெல்லாம் எங்களுக்கு நடுவுலதான் நடந்துக்கிட்டே நடத்துவாரு மேடம். காவிரி கடலைத் தாண்டினதிலிருந்து கதவுகிட்டதான்."

"வெளிச்சத்துக்காக," என்று வாய் எடுத்தார் வேதநாயகம். மேலே வரவில்லை. நிமிர்ந்து பார்த்தார். மூடாத கதவும், பனியும், சுவரடியில் அண்ணாந்து பார்க்கும் அத்தனை முகங்களும். தன் கால்களுக்கு இத்தனை நாளாகத் தெரிந்திருக்கிறது. பிள்ளைகளை அந்தப் பக்கம் உட்காரவைத்துவிட்டு, அவை மட்டும் வெளியே போய் நின்றுகொண்டன. சீ என்று இருந்தது.

புத்தகத்தைக் கீழே போட்டார்.

"எல்லாரும் எழுந்திருங்க. பையை எடுக்கவேண்டாம். அப்படியே வாங்க."

"இண்டர்வெல்லா சார்?"

"வான்னா வா!"

அவர் கத்தியதை அந்தப் பிள்ளைகள் அதற்கு முன் கேட்டதில்லை. விழுந்தடித்துக்கொண்டு எழுந்தார்கள். வேதநாயகம் கதவைவிட்டு உள்ளே போனார், பின்சுவர் வரைக்கும் போனார், கடைசிப் பிள்ளையின் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். கொட்டகைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பாக்கியம், அடுப்பை விட்டுட்டு வா!"

"அரிசி கொதிக்குதுங்க சார்!"

"கொதிக்கட்டும், வா!"

"எங்க போறது மேடம்?" என்றார் மூச்சிரைக்க.

"மொட்டைப்பாறைக்கு. இங்க அது ஒண்ணுதான் மலையோட ஒட்டியிருக்கு."

ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பாதையைக் கடந்து, ஈரப்பாறையில் ஏறினார்கள். பனி அவ்வளவு அடர்த்தி. தன் கை பிடித்திருந்த பிள்ளையின் முகம்கூட வேதநாயகத்துக்குச் சரியாகத் தெரியவில்லை. ஏறியதும் கைகள் விட்டுப்போயின. சுற்றிலும் வெள்ளை. அதற்குள் எங்கெங்கோ தும்மல், இருமல், கிசுகிசுப்பு.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மழையும் இல்லை, காற்றும் இல்லை. முட்டாள்தனம் செய்துவிட்டோமோ என்று வேதநாயகம் நினைத்தார். குழந்தைகளைக் குளிரில் நிறுத்திவைத்திருக்கிறோம், பெற்றவர்கள் வந்து கேட்டால் என்ன சொல்வது?

அப்போது பெல் அடித்தது.

வராந்தாவில் தொங்கும் தண்டவாளத் துண்டு. ஒருமுறை, நிதானமாக. யாரோ சுத்தியலை எடுத்துப் பொறுமையாகத் தட்டியது போல.

"சார், பெல்லு. யாரு சார் அடிக்கறா?"

அடிக்க ஆள் இல்லை. அடிக்கிற ஆள் இங்கே நிற்கிறார்.

மறுபடியும் அடித்தது. பிறகு நிற்காமல் அடித்தது. சத்தம் முதலில் எதிரே கேட்டது. அப்புறம் காலுக்குக் கீழே இறங்கிற்று. இன்னும் இறங்கி, பள்ளத்துக்குள் போய், ஓடைப்பக்கம் எங்கோ தூரத்தில் ஒரு தடவை ஒலித்து ஓய்ந்தது. இடி மாதிரி ஏதும் இல்லை. நீளமாக ஒரு பெருமூச்சுபோலத்தான் இருந்தது. பிறகு பச்சை மண்ணின் வாசனை குப்பென்று வந்து மூக்கை அடைத்தது. பாறை மட்டும் அசையவில்லை.

பள்ளிக்குக் கீழே வீடு கிடையாது, வெறும் தேயிலைதான். லைன் வீடுகள் மேட்டுக்கு அந்தப் பக்கம். அதெல்லாம் வேதநாயகத்துக்குத் தெரியும். ஆனால் பிள்ளைகள்? எல்லோரும் வந்தார்களா? பாதையில் யாராவது திரும்பிப் போயிருந்தால்? பையை எடுக்க, பென்சில் டப்பாவை எடுக்க?

"பேர் கூப்பிடுங்க சார்," என்றது தமயந்தியின் குரல், பனிக்குள் எங்கிருந்தோ.

வருகைப் பதிவேடு மேசை டிராயரில் இருந்தது. மேசை இப்போது எங்கே இருக்கிறதோ. தேவையும் இல்லை, பெயர்கள் அவருக்கு மனப்பாடம். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கிருபாகரன்."

"உள்ளேன் ஐயா."

இடதுபக்கம் எங்கோ. அழுகையோடு.

"ஜெபசிங்."

"உள்ளேன் ஐயா."

"தவமணி."

"உள்ளேன் ஐயா."

ஒவ்வொரு பெயருக்கும் வெள்ளைக்குள் ஒவ்வொரு மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. முகம் ஒன்றும் தெரியவில்லை. லோகேஸ்வரியின் குரல் வந்தது. யோகராணி, "உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா" என்று இரண்டு தரம் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் வேதநாயகம் மூச்சு விட்டார். கடைசியில் ஒன்றாம் வகுப்புக்கு வந்தார்.

"நிரோஷினி."

பதில் இல்லை.

"நிரோஷினி!"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தப் பிள்ளை பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து வாயைத் திறந்து சொன்னதே இல்லை. கூச்சம். பெயரைக் கூப்பிட்டால் கையைத்தான் தூக்கும். இந்தப் பனியில் தூக்கிய கையை யார் பார்ப்பது?

"அம்மாடி, கை தூக்கினா எனக்குத் தெரியாதுடா. ஒரு தடவை, ஒரே தடவை வாயைத் திறந்து சொல்லு. நிரோஷினி!"

பாக்கியம் அழ ஆரம்பித்தாள். வேதநாயகம் பாறையில் மண்டியிட்டுக் கைகளால் துழாவினார். ஈரக்கல். ஒரு செருப்பு. யாருடைய காலோ. எதிரே பள்ளத்தில் ஏதோ மரம் முறிந்து விழும் சத்தம் கேட்டது.

"உள்... உள்ளேன்."

ஐயா இல்லை. சன்னக் குரல். பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில். கையை இன்னும் தூக்கியபடியே நின்றிருந்தது பிள்ளை.

வேதநாயகம் அதை வாரி எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். வெட்கம் பார்க்காமல் அழுதார். பிள்ளைகள் குரல் கேட்ட பக்கமாகத் தட்டுத்தடுமாறி வந்து அவரைச் சுற்றி ஒட்டிக்கொண்டார்கள்.

மெதுவாகப் பனி விலகியது. பாதை தெரிந்தது. பாதைக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. வராந்தா இல்லை, சுவர் இல்லை, கொட்டகை இல்லை. சிவப்பாக, ஈரமாக, புதிதாக வெட்டியது போன்ற ஒரு பள்ளம். அதன் அடியிலிருந்து, காணாமல் போன ஊற்றுத் தண்ணீர் கலங்கலாகப் பொங்கிக்கொண்டிருந்தது.

வேதநாயகம் அதைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பயம் போனதும் பழைய கவலை வந்துவிட்டது.

"பள்ளிக்கூடம் போச்சே மேடம்," என்றார். "இனிமே பன்னீர்மட்டத்துல பள்ளிக்கூடமே இல்லைன்னு எழுதிருவாங்க. கேட்க வரவங்களுக்கு நான் எதைக் காட்டுவேன்?"

தமயந்தி பாறையில் உட்கார்ந்து பிள்ளைகளின் தலையைத் தன் துப்பட்டாவால் துவட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"எல்லாரும் 'உள்ளேன்'னு சொன்னாங்களே சார்."